கொந்தராத்து யாருக்கு? தண்ணீர் யாருக்கு?
குடிநீர் வேலைகளின் ஒப்பந்த முறைகள் பற்றிப் படுவான்கரைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

படுவான்கரையில் தண்ணீருக்கு என்ன குறை என்று வாவியின் மறுகரையிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுண்டு. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கண்முன்னே கிடக்கிறது. மேற்கே உன்னிச்சைக் குளம். மாரி வந்தால் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். ஆனால் குடிக்கிற தண்ணீர் என்பது வேறு விடயம். கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முனைக்காடு, முதலைக்குடா, அம்பிளாந்துறை என வாவியை அண்டிய ஊர்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. மேற்கே போகப்போக நிலத்தடியில் பாறை. கோடையில் கிணறு வற்றிவிடும். எழுவான்கரையின் மணற்பாங்கான நிலம் மழைநீரைத் தேக்கி வைத்து நன்னீராகத் தருவதுபோல் இங்குள்ள நிலம் தருவதில்லை.

இதன் சுமை யாருடைய தலையில் இறங்குகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பவுசர் வரும் நாளில் வேலைக்குப் போகாமல் காத்து நிற்பவளும் பெண்தான். குடத்தோடும் கானோடும் அடுத்த வளவுக்கு நடப்பவளும் பெண்தான். 1992 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நடந்த சர்வதேச நீர் மாநாடு, நீரை வழங்குவதிலும் முகாமை செய்வதிலும் பாதுகாப்பதிலும் பெண்கள் மையமான பங்கை வகிக்கிறார்கள் என்று தனது நான்கு கொள்கைகளுள் ஒன்றாக எழுதி வைத்தது. நல்ல வாசகம்தான். ஆனால் குடிநீர்த் திட்டமொன்று ஊருக்கு வரும்போது கேள்விப்பத்திரம், மதிப்பீடு, ஒப்பந்தம், பில் என்ற நான்கு சொற்களும் ஆண்களின் பேச்சாகவே முடிந்துவிடுகின்றன. தண்ணீர் எங்களுடையது, கணக்கு அவர்களுடையது என்ற இந்தப் பிரிவினைதான் பல திட்டங்கள் பழுதாகிப் போவதற்கு ஒரு காரணம்.

ஒரு தாங்கியை, ஒரு பொதுக்கிணற்றை, ஒரு குழாய்வழியை யார் கட்டுவது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் கட்டுவது என்பதைப் பொறுத்தே அதன் தரமும் ஆயுளும் விலையும் அமைகின்றன. எனவே அந்த முறைகளைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வழமையான முறை

அரச திணைக்களம் அல்லது சபை முதலில் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் தயாரிக்கும். பின்னர் கேள்விப்பத்திரம் கோரப்படும். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்ட ஒப்பந்தகாரருக்கு வேலை போகும். அவர் கட்டக் கட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து பார்ப்பார். அளந்த வேலைக்குப் பணம் கிடைக்கும். வேலை முடிந்த பின்னும் ஒரு தொகை பிடித்து வைக்கப்பட்டு, குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பின்பே கொடுக்கப்படும். அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம்.

இந்த முறையில் நன்மை உண்டு. போட்டி இருக்கிறது, எழுத்தில் எல்லாம் இருக்கிறது, தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். குறையும் உண்டு. வரைந்தவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர், பாவிப்பவர் மூன்றாமவர். தாங்கியில் வெடிப்பு விழுந்தால் வரைபடம் பிழை என்று கட்டியவர் சொல்வார், கட்டியது பிழை என்று வரைந்தவர் சொல்வார். பாவிக்கிற பெண்ணிடம் கிணறு எங்கே அமைய வேண்டும், துலாவா மோட்டரா, கட்டு எவ்வளவு உயரம் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். குறைந்த விலைக்கு எடுத்தவர் இலாபத்தைச் சீமெந்திலும் கம்பியிலும் தேடினால், அது வெளியே தெரிவதற்கு முன்பே திருத்தும் காலம் முடிந்துவிடும்.

ஊரே ஒப்பந்தகாரராக மாறுதல்

இதற்கு மாற்றாக இலங்கையில் எழுந்த ஒரு முறைதான் சமுதாய ஒப்பந்தம். 1980களில் நடைமுறைப்படுத்தப்பட்ட பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, தேசிய வீடமைப்பு அதிகாரசபை கொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பொதுக்கிணறு, மலசலகூடம், வடிகால், உள்வீதி போன்ற சிறு வேலைகளை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல், அங்கிருந்த மக்களின் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம் பாவிக்கப்போகிற கிணற்றைத் தாமே கட்டுகிறவர்கள் கலவையில் மணலைக் கூட்ட மாட்டார்கள் என்பது அதன் எளிய தர்க்கம். கூலியும் இலாபமும் அந்தக் குடியிருப்புக்குள்ளேயே நின்றன. பின்னர் ஆசியாவின் வேறு நாடுகளும் இந்த முறையைப் பின்பற்றின.

அடுத்த பெரிய படி குடிநீருக்காகவே எடுக்கப்பட்டது. 1993 முதல் 1998 வரை உலக வங்கியின் உதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் சமுதாய நீர் வழங்கல், சுகாதாரக் கருத்திட்டம் நடைபெற்றது. அங்கு ஊர் மக்கள் முதலில் தமக்குத் திட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும். பின்னர் சமுதாய அடிப்படை அமைப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். கட்டும் செலவில் குறைந்தது 20 சதவீதத்தைப் பணமாகவும் உழைப்பாகவும் தாமே தர வேண்டும். கட்டி முடிந்த பின் இயக்கும் செலவும் பராமரிப்புச் செலவும் முழுவதும் அவர்களுடையதே. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் அநுராதபுரம், பொலனறுவை, மொனராகலை, அம்பாந்தோட்டை, களுத்துறை, கேகாலை ஆகிய ஆறு மாவட்டங்களிலும் இதைப் போன்ற திட்டம் தொடர்ந்தது. இப்படி உருவான ஊர் அமைப்புகளைக் கவனிப்பதற்கென்றே 2014 இல் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது.

கிழக்கில் இந்த முறை வந்த வழி வேறு. போர்க்காலத்தில் படுவான்கரை போன்ற இடங்களுக்குப் பெரிய ஒப்பந்தகாரர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் சீமெந்தையும் இயந்திரத்தையும் ஓடத்தில் ஏற்றித்தான் மண்முனைத் துறையைக் கடக்க வேண்டும். ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய வடகிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம், சிறு குளங்களையும் ஊர்வீதிகளையும் குடிநீர்க் கிணறுகளையும் திருத்தும் வேலையை ஊர்ச் சங்கங்களை முன்வைத்தே செய்தது. விவசாய அமைப்புகளோடு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அதில் இடம்பெற்றன. அதன் பின் வந்த மீள் எழுச்சித் திட்டத்தில் கிராம அமைப்புகளே நிதியைக் கையாண்டன. எனவே எமது பிரதேசத்தில் சங்கம் ஒன்று ஒப்பந்தம் எடுப்பது புதுமையான காரியமல்ல. பல ஊர்களில் மதகும் கொங்கிறீட் வீதியும் கிணறும் சங்கத்தின் பெயரில் எழுந்தவைதான். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

வேலை எப்படி நடக்கிறது?

முதலில் ஊர்க்கூட்டத்தில் தேவை தீர்மானிக்கப்படும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு செய்வார். பதிவு செய்யப்பட்ட, வங்கிக்கணக்கு உள்ள சங்கத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகும். பொதுவாக ஒரு முற்பணம் தரப்படும். வேலை நடக்க நடக்க அளவெடுத்து பில் போடப்படும். ஒவ்வொரு பில்லிலும் முற்பணத்தின் ஒரு பங்கும் பிடித்துவைப்புப் பணமும் கழிக்கப்படும். மிகுதி சங்கத்தின் கணக்குக்கு வரும்.

பார்ப்பதற்கு எளிதாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே.

ஒரு வேலையின் மதிப்பீடு 10 இலட்சம் ரூபா என்று வைப்போம். அதில் பொருளுக்கும் கூலிக்கும் உண்மையில் செலவாவது எட்டரை இலட்சம். மிகுதி ஒன்றரை இலட்சம் ஒப்பந்தகாரரின் இலாபமாகப் போகிற தொகை. சங்கம் வேலையைச் செய்தால் சங்கத்தின் நிதியாகும். முற்பணம் 20 சதவீதம், அதாவது 2 இலட்சம். பிடித்துவைப்பு ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம். பாதி வேலையில் ஒரு பில், முடிவில் ஒரு பில் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

பாதி வேலை முடியும்போது செலவு நாலேகால் இலட்சம். கையில் இருந்தது 2 இலட்சம். ஆகவே இரண்டேகால் இலட்சம் கடன். முதலாவது பில் 5 இலட்சம். அதில் பிடித்துவைப்பு 50,000, முற்பணக் கழிவு 1 இலட்சம் போக மூன்றரை இலட்சம் வரும். கடனைக் கொடுத்தால் மிஞ்சுவது ஒன்றேகால் இலட்சம். இரண்டாவது பாதிக்கும் நாலேகால் இலட்சம் வேண்டும். ஆகவே கடைசிப் பில் வருவதற்கு முன் 3 இலட்சம் ரூபா சங்கத்திடம் இல்லாமல் இருக்கும்.

இந்த 3 இலட்சத்தை யார் போடுவது? சந்தாப் பணத்திலும் சீட்டுப் பணத்திலும் நடக்கிற மாதர் சங்கத்திடம் அது இருக்காது. அந்த நேரத்தில்தான், "அக்கா, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க, கையெழுத்தை மட்டும் போட்டுத் தாங்க, வேலையை நான் முடிச்சித் தாறன்" என்று ஒருவர் வருவார். சங்கத்துக்கு ஒரு சிறு தொகை, வேலை முழுவதும் அவருக்கு. சமுதாய ஒப்பந்தம் என்ற பெயரில் பழைய கொந்தராத்து நடக்கும். பழைய முறையில் இருந்த போட்டியும் அங்கே இல்லை. வேலை பழுதானால் பதில் சொல்ல வேண்டியவள் கையெழுத்துப் போட்ட தலைவி.

இதே வேலையை நான்கு பில்களாகப் பிரித்து எழுதியிருந்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கால்வாசி வேலைக்கும் செலவு 2,12,500 ரூபா. ஒவ்வொரு பில்லிலும் கைக்கு வருவது 1,75,000 ரூபா. மிக அதிகமாகத் தட்டுப்படும் தொகை, கடைசிக் கால்வாசியில், ஒன்றேகால் இலட்சம் மட்டுமே. 3 இலட்சம் ஒன்றேகால் இலட்சமாகிறது. சீமெந்துக் கடையில் இரண்டு கிழமைக் கடன் கிடைத்தால் சமாளிக்கக்கூடிய தொகை அது. ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றியதால் வந்த வித்தியாசம் இது. கைச்சாத்திடுவதற்கு முன் கேட்டால் இதை மாற்றலாம். பின்னர் கேட்டால் கடினம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வேலை முடிந்து கடைசிப் பில் வந்த நாளில் சங்கத்தின் கையில் நிற்பது 50,000 ரூபா மட்டுமே. மிகுதி 1 இலட்சம் பிடித்துவைப்பில் இருக்கிறது. அது திருத்தும் காலம் முடிந்தே வரும். இலாபம் வந்துவிட்டது என்று அதற்கு முன்பே பங்கு பிரிக்கிற சங்கம், தாங்கியில் கசிவு வந்தால் திருத்தப் பணமின்றி நிற்கும்.

பெரிய வேலைகளின் ஒப்பந்தம்

சங்கங்களால் கிணறு கட்ட முடியும். சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பெரிய வேலைகளுக்கும் இப்போது புதிய ஒப்பந்த முறைகள் வந்துள்ளன. அவை எங்களுக்குத் தூரமானவை என்று ஒதுக்க வேண்டாம். மாதாந்த நீர்ப்பட்டியல் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரு முறை, வடிவமைத்தல், கட்டுதல், சில வருடங்கள் இயக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் கொடுப்பது. தானே இயக்க வேண்டியிருப்பதால் மட்டமான பம்பியைப் பூட்ட நிறுவனம் தயங்கும் என்பது இதன் நோக்கம். யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இவ்வாறு கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. அதற்கு முன் இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுபோகும் யோசனை இருந்தது. கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. ஒப்பந்தம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், நீர் யாருடையது என்ற கேள்வி முதலில் தீர வேண்டும் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

இன்னொரு முறையில், தனியார் நிறுவனம் தன் பணத்தைப் போட்டுக் கட்டி, நீண்ட காலம் இயக்கி, நீரை விற்று முதலை எடுத்த பின் அரசிடம் கையளிக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010 இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லீற்றர் நீர் தரும் நிலையம் 25 வருட ஒப்பந்தத்தில் அமைந்தது. திருப்பூரில் ஏறக்குறைய 1,023 கோடி இந்திய ரூபா செலவில் 30 வருட ஒப்பந்தமாக அமைந்த திட்டம் இந்தியாவிலேயே இவ்வகையில் முன்னோடி. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லீற்றர் நீர் எடுத்து, பனியன் தொழிற்சாலைகளுக்குக் கூடிய விலைக்கும் வீடுகளுக்குக் குறைந்த விலைக்கும் கொடுப்பது அதன் ஏற்பாடு. தொழிற்சாலை தருகிற பணத்தில் வீட்டுக் குழாய் ஓடும். ஆனால் நொய்யல் ஆற்றை மாசுபடுத்தியதற்காகச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும், கூடிய விலைக்கு வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். நிறுவனம் நெருக்கடியில் விழுந்தது. வாங்குகிறவர் இல்லாமற்போனால் நட்டம் யாருடையது என்பதை இத்தகைய ஒப்பந்தங்களில் முதலிலேயே பார்க்க வேண்டும்.

மக்களிடம் கேளாமல் செய்தால் என்னவாகும் என்பதற்குத் தென்னமெரிக்காவின் பொலிவியா சாட்சி. அங்கே கொச்சபம்பா நகரின் நீர் வழங்கல் 1999 இல் 40 வருட ஒப்பந்தமாக வெளிநாட்டு நிறுவனமொன்று தலைமை தாங்கிய கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது. நீர்க்கட்டணம் திடீரென உயர்ந்தது. மக்கள் வீதிக்கு இறங்கினர். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் இரத்தானது.

எது யாருடைய வேலை?

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு. பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஒரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் 1980 இல் அக்தர் ஹமீத் கான் என்பவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அங்கே பிரச்சினை கழிவுநீர். அவர் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. அளவெடுக்கவும் வரைபடம் தயாரிக்கவும் உதவினார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு ஒழுங்கையும் தனக்கொரு பொறுப்பாளரைத் தெரிந்து, பணம் சேர்த்து, குழாய் பதித்தது. ஒப்பந்தகாரரின் இலாபம் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது. வீட்டு மலசலகூடமும் ஒழுங்கைக் குழாயும் மக்களுடைய வேலை. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசுடைய வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு இலட்சம் வீடுகள் இவ்வாறு பயன்பெற்றன.

எமது பிரதேசத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். 2003 இல் அங்கீகரிக்கப்பட்ட ஆசிய அபிவிருத்தி வங்கித் திட்டத்தின் மூலம் உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரப் பகுதிக்குக் குழாய்வழி கொண்டுசெல்லப்பட்டது. குளம் இருக்கும் கரையில் உள்ள ஊர்களோ எங்களுக்கு எப்போது என்று நெடுங்காலம் கேட்டபடி இருந்தன. பெருங்குழாய் போடுவதும் சுத்திகரிப்பதும் நீரின் தரத்துக்குப் பொறுப்பு நிற்பதும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கடமை. ஊருக்குள் கிளைக்குழாய் போகும் பாதை, குழி வெட்டுதல், சிறு தாங்கி கட்டுதல், கட்டணம் சேர்த்தல் ஆகியவற்றில் சங்கத்துக்கு இடமுண்டு. பெரிய பொறுப்பை ஊரின் தலையில் போட்டுவிட்டு அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைப்பதும் பிழை. சிறிய வேலையையும் வெளியாருக்குக் கொடுத்துவிட்டு ஊர்ப்பெண்களை மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு அழைப்பதும் பிழை.

சிரமதானம் பற்றி ஒரு சொல். ஊர்ப் பங்களிப்பு உழைப்பாகத் தரப்படும்போது, அந்த உழைப்பைப் பெரும்பாலும் தருபவர்கள் பெண்கள். பெண்தலைமைக் குடும்பங்கள் அதிகமுள்ள எமது மாவட்டத்தில், ஒரு நாள் சிரமதானம் என்பது அந்த வீட்டின் ஒரு நாள் கூலி. மேசனுக்கு ஆயிரங்களில் கூலி கொடுத்துவிட்டுக் கல் சுமந்த பெண்ணுக்குத் தேநீர் மட்டும் கொடுப்பது பங்களிப்பாகாது. உழைப்பைக் கணக்கில் எழுதுங்கள். யார் எத்தனை நாள் வந்தார் என்று பதியுங்கள். வர முடியாத முதியவருக்கும் சிறு பிள்ளைத் தாய்க்கும் விலக்கு உண்டா என்பதை முதற் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள்.

கட்டிய பின்

தண்ணீர்த் திட்டங்கள் திறப்புவிழாவன்று பழுதாவதில்லை. இரண்டாம் மூன்றாம் வருடத்தில் மோட்டர் எரியும்போது பழுதாகின்றன. மின்பட்டியல் கட்டவில்லை, பொருளாளர் ஊர் மாறிப் போய்விட்டார், குளோரின் போடுகிறவர் இல்லை என்று ஒவ்வொன்றாக வரும். மாதக் கட்டணத்தைத் தீர்மானிக்கும்போது மின்சாரத்துக்கும் இயக்குகிறவரின் சம்பளத்துக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல், புதிய மோட்டருக்கென்றும் மாதம் ஒரு தொகையை வேறு கணக்கில் போட்டுவர வேண்டும். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய மோட்டர் 1,20,000 ரூபா என்றால், 60 மாதத்தில் மாதம் 2,000 ரூபா. ஐம்பது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 40 ரூபா. இதைச் சேர்க்காத சங்கம் மோட்டர் எரிந்த அன்று அரசியல்வாதியின் வாசலில் நிற்கும்.

கைச்சாத்திடுவதற்கு முன் கேளுங்கள்

கூட்டத்துக்கு வரும் உத்தியோகத்தரிடம், "மனே, இந்த மதிப்பீட்டில எத்தின பேக் சீமெந்து போட்டிருக்கு?" என்று கேட்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. கீழே உள்ளவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டின் பிரதி தமிழில் சங்கத்திடம் இருக்கிறதா?

முற்பணம் எவ்வளவு? பில்கள் எத்தனை? அளவெடுத்த பின் எத்தனை நாளில் பணம் வரும்?

கலவை விகிதம் என்ன? ஒன்றுக்கு இரண்டு, நாலு என்று எழுதியிருந்தால், சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கல் நாலு பங்கு. பெட்டி வைத்து அளக்கிறார்களா, மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்களா? கட்டிய கொங்கிறீட்டைக் குறைந்தது ஏழு நாள் நனைத்து வைக்கிறார்களா?

குழாய்க்குழி எத்தனை அடி ஆழம்? மண் மூடுவதற்கு முன் அளந்து பார்த்தீர்களா? மூடிய பின் எவராலும் பார்க்க முடியாது.

வங்கியில் கையெழுத்திடும் இருவரில் ஒருவராவது தண்ணீர் அள்ளுகிற பெண்ணா? பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படுகின்றனவா?

வேலையை வேறொருவரிடம் கைமாற்ற ஒப்பந்தம் இடம் தருகிறதா?

இவற்றைக் கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் பிரதேச செயலகம், பிரதேச சபை, நீர் வழங்கல் சபை போன்ற பகிரங்க அதிகாரசபையிடம் ஒப்பந்தம், மதிப்பீடு, கொடுப்பனவு பற்றிய தகவலைக் கோரலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு, 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமாயின் அல்லது ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. மண்முனை தென்மேற்குப் பிரதேசத்தில் அடுத்து வரும் குடிநீர் வேலைக்கும் இது பொருந்தும்.

சங்கம் ஒப்பந்தம் எடுத்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்று எவரும் சொல்ல முடியாது. கணக்குத் தெரியாமல் எடுத்த ஒப்பந்தம் ஊருக்குள் பகையையும் கடனையும் விட்டுப்போகும். கணக்குத் தெரிந்து எடுத்த ஒப்பந்தம் கிணற்றோடு சேர்த்து, வேலை தெரிந்த பத்துப் பெண்களையும் வங்கியில் ஒரு நிதியையும் விட்டுப்போகும். அடுத்த சங்கக் கூட்டத்தில் மேலே உள்ள கேள்விகளில் ஒன்றையாவது எழுந்து கேளுங்கள் சகோதரிகளே. கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். எழுதி வைத்த கேள்விக்கு என்றோ ஒரு நாள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.